பாடசாலை விட்ட பிறகு: மைதானமும் கடலும்

திருகோணமலையில் தரம் 6 முதல் 9 வரை படிக்கிற பிள்ளைகள் பலரின் பிற்பகல் ஒரே மாதிரித்தான் போகிறது. பாடசாலை விட்டு வந்து சாப்பாடு, உடுப்பு மாற்றல், பிறகு ரியூசன். தரம் 5 புலமைப்பரிசில் முடிந்துவிட்டது, க.பொ.த. சாதாரண தரம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. இடையில் பொதுப் பரீட்சை இல்லாத காலம் இந்த நான்கு ஆண்டுகள்தான். எலும்பும் தசையும் வேகமாக வளர்கிற வயதும் இதுவே. ஆனால் “போதும் விளையாடினது” என்று பிள்ளையை மைதானத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். பெற்றோர் சொல்லும் காரணங்கள் அக்கறையிலிருந்து வருபவை. அவற்றில் பல சரியானவை அல்ல.

“விளையாட விட்டால் படிப்புக் குழம்பிவிடும்.”

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்க வேண்டும். இதனால் வரும் நன்மைகளாக அது சொல்வது இதயமும் எலும்பும் மட்டுமல்ல. சிந்திக்கும் ஆற்றலும் கல்விப் பெறுபேறும் அதே பட்டியலில் இருக்கின்றன. சுகாதாரமும் உடற்கல்வியும் இந்த வகுப்புகளில் கட்டாய பாடம்தான். ஆனால் வாரத்தில் ஓரிரு பாடவேளை இந்த அளவை எட்டாது. அதனால்தான் மாலை மைதானம் தேவைப்படுகிறது.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பிள்ளை. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது வயது 17. 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தார். அதே மனிதர் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் கோர்னெலிலும் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்காவில் பல்கலைக்கழக ஆசிரியராகவும் பணிபுரிந்தார். எல்லாப் பிள்ளையும் அவரைப்போல ஆகிவிடாது, அது தெரிந்ததே. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்ற பயத்துக்கு அவர் வாழ்க்கையே பதில்.

படிப்பை உண்மையில் கெடுப்பது நித்திரைக் குறைவு. 12 வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையாமலும், 13 வயதிலிருந்து 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் பிள்ளை தூங்க வேண்டும் என்கிறார்கள் நித்திரை மருத்துவர்கள். இரண்டு ரியூசன் முடித்து, இரவு பத்துக்கு மேல் வீட்டுவேலை எழுதிவிட்டு, விடிய ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளைக்கு அந்தக் கணக்குச் சரிவராது. குறைக்க வேண்டியது எதையென்று பெற்றோர் இங்கேதான் யோசிக்க வேண்டும்.

“திறமை இருந்தால் இப்போதே தெரிந்திருக்கும்.”

இந்த நம்பிக்கை பெற்றோரிடம் மட்டும் இல்லை, பயிற்றுநர்களிடமும் இருக்கிறது. கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் என்று ஏற வேண்டிய அவசரத்தில், 14 வயதுப் பிரிவில் உயரமான, பலமான பிள்ளைகளை எடுத்துவிட்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையும் சேர்ந்தே நிற்கக்கூடும். இந்த வயதில் இரண்டு ஆண்டு என்பது பெரிய இடைவெளி. உயரம் வேகமாகக் கூடும் காலம் பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் வருகிறது. அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். 1985இல் கனடாவில் ரொஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த திகதிகளைப் பார்த்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அணிகளில் அதிகம் இருந்தார்கள். முன்னதாகப் பிறந்ததைத் திறமை என்று எடுத்துக்கொண்டு, அவர்களுக்கே பயிற்சியையும் கொடுத்ததன் விளைவு அது.

ஆகவே 12 வயதில் அணியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு விளையாட்டு வராது என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டாவது அணி ஒன்று இருக்கட்டும். இல்ல மெய்வல்லுநர் போட்டி நேரத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் இல்லங்கள் ஆண்டு முழுவதும் தங்களுக்குள் கரப்பந்தும் எல்லேயும் ஆடட்டும். ஒரே விளையாட்டில் சின்ன வயதிலேயே இறக்கிவிடுவதும் நல்லதல்ல. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2016இல் சொன்னபடி, பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயது வரை பலதையும் ஆடவிட்டால் காயமும் சலிப்பும் குறையும். பந்தையே பிடிக்காத பிள்ளைக்குச் சாரணரும் பாண்ட் வாத்தியமும் நாடகமும் இருக்கின்றன.

“பெரியபிள்ளை ஆனபிறகு மைதானம் எதற்கு?”

உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் 85 வீதமானோருக்குப் போதிய உடலசைவு இல்லை. ஆண் பிள்ளைகளில் 78 வீதம். 2016ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு இது. மாதவிடாய்க் காலத்தில் ஓடினால் உடம்பு கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒழுங்கான உடற்பயிற்சி வயிற்றுவலியைக் குறைக்க உதவும் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. வலி கூடிய நாளில் பிள்ளை ஓய்வெடுக்கலாம், அதைப் பிள்ளையே சொல்லட்டும். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடினார். தலையை மூடி ஆடும் பிள்ளைகளுக்கும் தடையில்லை: உதைபந்தாட்டத்தில் 2014இலும் கூடைப்பந்தில் 2017இலும் சர்வதேச விதிகளே மாற்றப்பட்டுவிட்டன. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிற பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது. பெண் பிள்ளையை மைதானத்திலிருந்து விலக்குவது அவளுடைய உடம்பு அல்ல. சுத்தமான மலசலகூடம் இல்லாததும், உடுப்பு மாற்ற இடம் இல்லாததும், பொறுப்பாக நிற்க ஓர் ஆசிரியை இல்லாததும், இருட்டுமுன் வீடு சேர வழி இல்லாததும்தான். இவை நான்கும் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டு வாங்கக்கூடியவை.

“விளையாடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது” என்பதும் இன்னும் கேட்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது ஆபத்தான பேச்சு. இடையிடையே குடிக்க வேண்டும். வெயில் தணிந்த பிறகே பயிற்சி தொடங்க வேண்டும்.

“கடலோரப் பிள்ளைக்கு நீச்சல் தானாக வரும்.”

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நகரத்தில், நீந்தத் தெரியாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். 2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாததால் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். பாதுகாப்பான பயணத்துக்குப் பொறுப்பு பெரியவர்களுடையது. நீச்சல் அதற்கு ஈடல்ல. ஆனாலும் தண்ணீரைக் கடந்து பள்ளிக்குப் போகும் மாவட்டத்தில் நீச்சலும் ஒரு பாடமாக இருக்க வேண்டும். 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் மீட்பு முறையும் கற்பிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

நீச்சல் தடாகம் இல்லையே என்பார்கள். பங்களாதேஷில் கிராமக் குளங்களுக்குள் மூங்கில் மேடை கட்டியே பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். 25 மீற்றர் நீந்துவது, மிதந்து நிற்பது, தண்ணீரில் குதிக்காமல் கரையிலிருந்தே கம்பு நீட்டி ஒருவரைக் காப்பாற்றுவது ஆகியவை அங்கே பாடம். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்தது.

நமக்கு வாய்ப்பான காலம் மே முதல் ஓகஸ்ட் வரை. வாடைக்காலத்துக் கொந்தளிப்பு இல்லாமல் கடல் அமைதியாக இருக்கும். அந்த அமைதியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. ரியூப்பில் மிதக்கிற பிள்ளையை அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். எனவே ரியூப் வேண்டாம். காற்று எழும்புமுன் காலையில், இடுப்பளவு தண்ணீரில், கரைக்கு இணையாக, பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்குக் கடற்பக்கமாக நின்று கற்பிக்க வேண்டும். துறைமுகத்தின் உட்பக்கம் இதற்கு ஏற்றதல்ல. அங்கே கரையை ஒட்டியே ஆழம் தொடங்கிவிடும்.