சாரம் நின்ற காலத்துப் படங்கள்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவால் பெயர் பெற்ற நகரம். அங்கே சேலை தறியில் இருக்கும்போதே அதனைப் பார்த்தவர் ஓர் உண்மையை உணர்வர். பாவின் இழைகள் எத்துணை நெருக்கமானவை, விழுது அவற்றை எவ்வாறு பிரிக்கின்றது, நாடா ஊடையை எங்ஙனம் கொண்டு செல்கின்றது என்பனவெல்லாம் பாதி நெய்த நிலையிலேதான் புலப்படும். சேலை மடிக்கப்பெற்றுக் கடைக்குச் சென்ற பின்னர் அதன் அழகு தெரியுமேயன்றி, அது உருவான வகை தெரியாது.

கட்டடத்துக்கும் இவ்வியல்பு உண்டு. சுவர் பூசப்பெற்றுச் சாரம் பிரிக்கப்பட்ட பின்னர், அடிப்படை எவ்வளவு ஆழமானது, உத்திரம் எவ்வாறு ஏற்றப்பட்டது என்பவற்றைக் கண்டறிதல் அரிது. ஆதலின், கட்டி முடியாத நிலையில் எடுக்கப்பெற்ற நிழற்படங்கள் அறிஞர்களால் போற்றப்படுகின்றன.

நிழற்படக்கலை 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1851இல் இலண்டன் பொருட்காட்சிக்கென இரும்பாலும் கண்ணாடியாலும் அமைத்த மாளிகையைப் பின்னர்ப் பிரித்தெடுத்து, சைடனாம் என்னுமிடத்தில் மீண்டும் எழுப்பினர். 1852 முதல் 1854 வரை நடந்த அவ்வேலையைப் பிலிப் டெலமோட் என்பவர் படிப்படியாகப் படமெடுத்தார். பொருள் செலவிட்டோர் வேலை நடக்கும் இடத்துக்கு நெடுந்தொலைவில் இருந்தாலும், வேலை எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதை இத்தகைய படங்களால் இருந்த இடத்திலேயே அறியலாயிற்று.

சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் கலைப்பள்ளியைத் தொடங்கினார். 1856இல் லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றார். அதே ஆண்டில்தான் தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை, இராயபுரத்திலிருந்து ஆரணிக்கு வடக்கே உள்ள வாலாசா வரை திறக்கப்பட்டது. பாதைகளும் பாலங்களும் ஆலைகளும் அணைகளும் பெருகப் பெருக, அவை எழும் நிலையைப் படமெடுத்து வைக்கும் வழக்கமும் வளர்ந்தது.

மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். 1925இல் தொடங்கிய வேலை 1934இல் நிறைவுற்றது. அணையின் நீளம் 5,300 அடி. உயரம் 214 அடி. இன்று அங்குச் செல்வோர் பரந்த நீர்ப்பரப்பையும் நெடிய சுவரையுமே காண்பர். அச்சுவரைத் தாங்கும் பாறையையும், அதன்மேல் முதலில் இட்ட அடித்தளத்தையும் கண்ணால் காண இயலாது. அணை எழுந்த காலத்துப் படங்களே அவற்றைக் காட்ட வல்லன. நீருக்கடியில் மறைந்ததைத் தாளின்மீது காத்து வைத்தல் சிறிய உதவியன்று.

எனினும், பழைய படங்களைப் பார்க்கையில் ஒன்றை மறத்தலாகாது. தொடக்க காலத்தில் ஒரு படம் பதியப் பல நொடிகள் வேண்டியிருந்தன. அசையாமல் நின்றவர் உருவம் தெளிவாக விழும். நடந்தவர் உருவம் புகைபோல் மங்கும், அன்றி முற்றும் மறையும். கைகட்டி நின்று மேற்பார்வை செய்த அதிகாரி படத்தில் நிலைத்தார். கல் சுமந்து ஓய்வின்றி நடந்தவரோ மறைந்தார்! விரைவாகப் பதியும் தகடுகள் வந்த பின்னர்த் தொழிலாளர் முகங்கள் தெளிவாயின. ஆயினும், படத்தின் கீழே அவர்தம் பெயர்கள் எழுதப்பெறுதல் அரிதாகவே இருந்தது.

வீடே தொழிற்கூடமாக விளங்கும் ஆரணியில், குழித்தறி அமைத்த இல்லம் எழுந்தபோது அதனைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்க எந்தக் கடல்கடந்த குழுவும் இல்லை. பேராலைகளுக்குக் கிடைத்த அச்சிறப்பு, ஒரு குடும்பத்தின் உழைப்புக்கு எளிதில் வாய்க்கவில்லை.

இன்றோ கைப்பேசியிலும் படக்கருவி உள்ளது. தெருவில் பாவு நீட்டுவோரையும், ஊரில் சாரத்தின்மேல் நின்று சுவர் எழுப்புவோரையும் மாணவர்கள் அவர்தம் இசைவு பெற்றுப் படமெடுக்கலாம். எடுத்தவுடன் நாளையும் இடத்தையும் செய்யும் வேலையையும் குறித்தல் வேண்டும். அவற்றினும் முதன்மையாக, உழைப்பவரிடம் பெயர் கேட்டு எழுதுதல் வேண்டும். சாரம் பிரிக்கப்பட்ட பின்னும் அதில் ஏறி நின்றவர் பெயர் நிலைத்திருத்தலே நன்றியறிதல் ஆகும்.