கோட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கிறதே!

கேள்வி: ஐயா, நிப் பேனாவை இந்தியன் இங்க்கில் தொட்டு வரைகிற பழக்கம் எனக்கு. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் திண்ணை, தூண், நிலைக்கதவு என்று ஒரு நோட்டு நிறைய வைத்திருக்கிறேன். தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையில் ஒரு வாசல் படத்தைப் போடலாம் என்று செல்போனில் எடுத்தேன். சந்தன நிற அட்டையில் வைத்தால் படத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். 'மேஜிக் வாண்ட்' வைத்துத் தாளை அழித்தால் கோடுகளின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. பின்னணி நீக்கும் ஆப் ஒன்றில் போட்டேன். வெளிப்பக்கம் போனது, தூண்களுக்கு நடுவே தாள் அப்படியே இருக்கிறது. கோடு மட்டும் நிற்க வழி உண்டா?
வாசகி, காரைக்குடி

பதில்: உண்டு. முதலில் அந்த ஆப்பை விட்டுவிடுங்கள். ஆளையோ பொருளையோ கண்டுபிடித்து, அதன் வெளிவரம்பைச் சுற்றி வெட்டுவதுதான் அதற்குத் தெரிந்த வேலை. உங்கள் வாசலை ஒரே பொருளாக நினைத்துக்கொண்டதால், தூண்களுக்கு இடையே உள்ள தாளும் வாசலோடு சேர்ந்ததாகிவிட்டது.

வெள்ளை ஓரம் வேறு கதை. படத்தை 800 சதவீதம் பெரிதாக்கி ஒரு கோட்டின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பு சட்டென்று முடிந்து வெள்ளை தொடங்காது. நடுவில் இரண்டு மூன்று சாம்பல் புள்ளிகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். அவை பாதி மை, பாதி தாள். மேஜிக் வாண்டுக்கு 'இரு' அல்லது 'போ' என்று இரண்டு சொல்தான் தெரியும். இருக்கச் சொன்ன சாம்பல் புள்ளி தன்னோடு தாளின் வெளுப்பையும் கொண்டுவருகிறது. சந்தன நிறத்தின் மேல் அது அரிசிமாவு ஒட்டினது போலத் தெரியும். சரி, அதையும் அழிப்போம் என்று 'டாலரன்ஸ்' எண்ணைக் கூட்டினால், நிப்பின் மெல்லிய இழுப்புகள் அறுந்துபோகும்.

அதனால் ஒவ்வொரு புள்ளியிடமும் 'உன்னிடம் எவ்வளவு மை இருக்கிறது' என்று கேட்கும் கருவி வேண்டும். முழுக் கறுப்பு என்றால் முழுதாக நிற்கட்டும், அரைச் சாம்பல் பாதி ஊடுருவித் தெரியும் கறுப்பாகட்டும், வெள்ளை இல்லாமல் போகட்டும். இலவச மென்பொருளான கிம்ப்பில் 'கலர் டு ஆல்ஃபா' என்று ஒரு வசதி உண்டு. வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் இதைத்தான் செய்யும். கிரிட்டாவிலும் அதே பெயரில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் 'சேனல்ஸ்' பலகையில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஆர்ஜிபி மேல் கிளிக் செய்தால் வெளிச்சத்தின் அளவுக்கேற்பத் தேர்வாகும். தேர்வைத் தலைகீழாக்கி, புது லேயரில் கறுப்பை ஊற்றுங்கள். இதெல்லாம் எதற்கு, ஒரு பத்திரிகைக்குத்தானே என்றால், படத்தின் லேயரை 'மல்டிப்ளை'யில் வைத்தாலே வெள்ளை மறைந்துவிடும். வெளிர் நிற அட்டைக்கு அது போதும். அரக்கு நிற அட்டையில் தங்க நிறத்தில் கோடு வேண்டுமென்றால் மட்டும் முன்சொன்ன வழி.

ஆனால் இவை எல்லாமே தாள் உண்மையில் வெள்ளையாக இருந்தால்தான் பலிக்கும். கணினிக்கு 255 வெள்ளை, 0 கறுப்பு. ஜன்னலோரம் செல்போனில் எடுத்த படத்தில் ஒரு மூலையில் தாள் 210 இருக்கும், எதிர் மூலையில் 160. நம் கண் இரண்டையும் வெள்ளை என்று சமாளித்துக்கொள்ளும், கணினி சமாளிக்காது. 'லெவல்ஸ்' வைத்து இருண்ட மூலையை வெளுக்க இழுத்தால், வெளிச்ச மூலையில் கோடு கரைகிறது. உங்கள் சாம்பல் கட்டத்தின் பிறப்பிடம் இதுதான்.

இதற்கு எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று. போனை ஒரு புத்தக அடுக்கின் மேல் அசையாமல் வைத்துப் படத்தை எடுங்கள். அப்படியே ஓவியத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே நோட்டின் வெற்றுத் தாள் ஒன்றை வைத்து இன்னொரு படம். இரண்டாவதை மேல் லேயராக்கி 'டிவைட்' முறையில் வைத்தால், ஒவ்வொரு இடமும் அங்கங்கே விழுந்த வெளிச்சத்தால் வகுபட்டு, தாள் முழுக்க ஒரே வெள்ளையாகிவிடும். வானியலாளர்கள் தொலைநோக்கிப் படங்களைச் சீராக்குவதும் இப்படித்தான். வெற்றுத் தாளுக்குப் பதில் ஓவியத்தின் நகலையே நன்றாக மங்கலாக்கி வகுக்கச் சொல்வார்கள் சிலர். வெறும் கோடுகளுக்குச் சரி. உங்கள் வாசலுக்குள் இருட்டைக் காட்ட மையை அப்பியிருந்தால், அந்த இடமே மங்கலில் கறுத்து, வகுத்ததும் நரைத்துப்போகும்.

இவ்வளவு பாடுபடாமல் ஸ்கேன் எடுப்பதே உத்தமம். கடையில் கொடுத்தால் பழக்க தோஷத்தில் 200 டிபிஐ பிடிஎஃப் போட்டுத் தருவார்கள். 600 டிபிஐ, கலர், டிஃப் அல்லது பிஎன்ஜி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏ4 தாள் அப்போது ஏறக்குறைய 4960க்கு 7016 புள்ளிகளாக வரும். நோட்டு என்கிறீர்கள், பின்பக்கமும் வரைந்திருப்பீர்கள். அது ஊடுருவித் தெரியாமலிருக்கத் தாளுக்குப் பின்னால் கறுப்பு சார்ட் வைக்கச் சொல்லுங்கள். தாள் கொஞ்சம் மங்கும். ஆனால் எங்கும் ஒரே அளவாக மங்குவதால், லெவல்ஸில் ஒரே இழுப்பில் போய்விடும்.

கலரில் கேட்டதற்குக் காரணம் உண்டு. மஞ்சளேறிய பழைய தாள் நீலச் சேனலில் அழுக்காகவும், சிவப்புச் சேனலில் கிட்டத்தட்ட வெள்ளையாகவும் தெரியும். இந்தியன் இங்க் கரிமை என்பதால் எல்லாச் சேனலிலும் கறுப்பு. எனவே சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வெளிர் நீலப் பென்சிலில் திட்டம் போட்டு அதன்மேல் மை இட்டிருந்தால் நீலச் சேனலை எடுங்கள், பென்சில் மறைந்துவிடும். தாத்தா காலத்து மை பழுப்பேறிய படங்களுக்கு மட்டும் சிவப்பை நம்பாதீர்கள், அது மையையே தின்றுவிடும்.

முடித்த பிறகு அடியில் செக்கச்செவேல் என்று ஒரு லேயரைப் போட்டுப் பாருங்கள். வெள்ளைத் திரையில் ஒளிந்திருந்த தூசி, ரப்பர் துகள், மிச்ச மூட்டம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். தூசியை அழியுங்கள்; நிப் உலர்ந்து இழுபட்ட இடங்களைத் தொடாதீர்கள். அவை உங்கள் கை.

பிஎன்ஜியாகச் சேமியுங்கள், ஜேபெக்கில் ஊடுருவும் தன்மை நிற்காது. வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் ஜேபெக் ஆகிவிடும். அச்சகத்தில் ஒரு வார்த்தை: கோடு கறுப்பு மையில் மட்டும் ஓடட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாகப் போனால், பிளேட் ஒரு மயிரிழை விலகினாலும், நீங்கள் பாடுபட்டுத் துரத்திய ஓரம் இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் திரும்பி வந்து நிற்கும்.