சந்திப் பிழை

அன்புள்ள மருமகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அரை மணி நேரம் பேசினோம். அதில் இருபத்தைந்து நிமிஷம் உன் சந்திப்பிழை திருத்தும் நிரலுக்கே போயிற்று. "இரவு பகல்" என்று சரியாக அடித்திருந்ததை அது "இரவுப் பகல்" என்று மாற்றி வைத்ததாம். அந்த ஒரு ஒற்றைத் துரத்திக்கொண்டு மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தாயாம். எனக்குக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் மருமகள் போனை வாங்கினாள். குறை ஒன்றும் சொல்லவில்லை. "நான் தூங்கும்போது அவர் கீபோர்டோட இருப்பார் மாமா, அவர் தூங்கும்போது நான் ஸ்கூலுக்குக் கிளம்பிடுவேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

ராத்திரி நிரல் எழுதாதே என்று சொல்ல வரவில்லை. நான் அதைச் சொன்னால் உன் அத்தையே சிரிப்பாள். நிரலின் பத்து நுனிகளை ஒரே நேரத்தில் தலைக்குள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டால் ஐந்து நுனி நழுவிவிடும். பதினோரு மணிக்கு மேல் யாரும் கேட்பதில்லை. அந்த ருசி எனக்கும் தெரியும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் லினக்ஸ் இயங்குதளத்தை அறிவித்தபோது வெறும் பொழுதுபோக்கு என்றுதான் சொன்னார். கைடோ வான் ராசம் பைத்தான் நிரல்மொழியைத் தொடங்கியது 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில், பொழுதுபோகத்தான். இதெல்லாம் ஒரு வேலையா என்று வெளியில் யாராவது கேட்டால் இவர்களைச் சொல். வீட்டில் சொல்லாதே, அங்கே இந்தக் காசு செல்லாது.

என் கதை உனக்குத் தெரியாது. 1998. வீட்டுத் தொலைபேசி லைனில் மோடத்தை மாட்டி இணையம் பார்த்த காலம். மோடம் ஓடிக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. ஒரு ராத்திரி நான் ஏதோ கம்பைலரை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் அறுந்துபோகும். திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன். உன் அத்தை தூங்கப் போகும்போது "இன்னும் பத்து நிமிஷம்" என்றேன். அவளுடைய அப்பாவுக்கு அன்று நெஞ்சுவலி. மைத்துனன் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை போன் பண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான். காலையில் பால்காரர் வந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார், அது எங்கள் அதிர்ஷ்டம். பஸ்ஸில் போகும்போது அத்தை ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்: "லைன் பிசியாவே இருந்துச்சாம்." இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இன்னும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது, லைன் பிசியாகாது. ஆனால் ஆள் பிசியாக இருப்பது மாறவில்லையே.

நம் தொழிலில் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1969ல் கென் தாம்சனின் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு, உறவினரைப் பார்க்கப் போனார். அந்த மூன்று வாரத்தில், எடிட்டர், அசெம்பிளர், கர்னல் என்று ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம் வைத்து, தாம்சன் யுனிக்ஸ் இயங்குதளத்தை நிற்க வைத்துவிட்டார். வாலிபத்தில் நான் இதைத் தப்பாகப் படித்துக்கொண்டேன்: வீடு காலியானால்தான் வேலை நடக்கும் என்று. மூன்று வாரம் குழந்தையை யார் தூக்கி வைத்திருந்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

எனக்குப் பிடித்தது டொனால்ட் கனூத் செய்ததுதான். 1973ல் குடும்பத்தோடு நார்வேயில் இருந்தார். ஜான் கான்வேயின் புதுவகை எண்களைப் பற்றிக் கதை வடிவில் ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று திடீரென்று ஆசை வந்தது. மனைவி ஜில்லிடம் சொல்லி, ஒரு வாரம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆஸ்லோவில் ஹோட்டல் அறை எடுத்தார். ஆறு நாளில் எழுதி முடித்தார். வீட்டுக்குத் தெரியாமல் ஒரு மணி நேரம்கூடத் திருடவில்லை. (அதற்காக அவரையும் முழுக்க நம்பிவிடாதே. டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை 1977ல் ஒரு வருஷ வேலை என்று நினைத்துத் தொடங்கியவர், அதோடு ஏறக்குறைய பத்து வருஷம் கட்டுண்டு கிடந்தார். நம் ஆட்களின் "கொஞ்ச நேரம்" அப்படித்தான்.)

அதனால் நேரத்தைக் கேட்டு வாங்கு. வாரத்தில் இரண்டு ராத்திரி என்றால் எந்த இரண்டு, எத்தனை மணிவரை என்று சொல்லிக் கேள். மருமகளுக்கும் அதே மாதிரி யாரும் கூப்பிடாத இரண்டு பொழுது வேண்டும். அன்றைக்குச் சமையல்கட்டு உன் பொறுப்பு, மறுநாள் டிபன் பாக்ஸ் உட்பட. குழந்தை பிறந்தால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும், அது அப்போது.

சொன்ன நேரத்துக்கு எழுந்திருப்பதுதான் கஷ்டம். ஒரு பிழையைச் சரிசெய்துவிட்டு எழுந்திருப்போம் என்று உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாய். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று தலையை நீட்டும். ஒரு மணிக்கு மேல் கண் எரியும்போது செய்த திருத்தங்களில் பாதியை மறுநாள் நானே அழித்திருக்கிறேன். நான் கண்டுபிடித்த வழி இது: பாதியிலேயே நிறுத்திவிடு. நிறுத்துமுன் தோற்கிற சோதனை ஒன்றை எழுதி வை. அதன் மேலே ஒரு வரி, தமிழிலேயே: "நாளை இங்கே தொடங்கு, பட்டியல் காலியாக வந்தால் என்ன ஆகிறது என்று பார்." தலைக்குள் இருந்த நுனிகளைக் கோப்பில் கட்டிப் போட்டுவிட்டால் தூக்கம் வரும். இல்லாவிட்டால் பக்கத்தில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்து நிரல் எழுதுவாய்; அது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

கடைசியாக உன் "இரவு பகல்". அது உம்மைத்தொகை. இரவும் பகலும் என்பதில் "உம்" மறைந்து நிற்பதால் ஒற்று மிகாது. "செடி கொடி"யும் அப்படித்தான். இரண்டு சொல்லின் எழுத்தை மட்டும் பார்க்கிற நிரலுக்கு இது பிடிபடாது, பொருள் தெரிய வேண்டும். இதை ஒன்பதாம் வகுப்புக்குப் பாடமாக நடத்துகிறவள் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருக்க, நீ மூன்று மணிவரை தனியாக மல்லுக்கட்டியிருக்கிறாய்! அவளிடம் கேள். ராத்திரி எழுப்பிக் கேட்காதே, விடைத்தாள் திருத்துகிற வாரத்திலும் கேட்காதே.

அடுத்த ஞாயிறு நான் கூப்பிடும்போது "செடி கொடி" என்ன ஆயிற்று என்று சொல். முதலில் போனை மருமகளிடம் கொடு.

அன்புடன்,
மாமா