நனைந்த மெத்தையும் நம் தெர்மல் பாடமும்
(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்த வீடுகளை நாம் சினிமாவில்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். குளிர் நாடுகளில் அது சாதாரணம். அங்கே குழாய் உடைந்தோ, ஆறு புகுந்தோ கம்பளம் நனைந்துவிட்டால் ஒரு போன் செய்தால் போதும். தண்ணீர் உறிஞ்சும் மிஷின், தரையில் வைக்கும் பெரிய காற்றாடி, ஈரம் அளக்கும் கருவி எல்லாவற்றோடும் ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அது அங்கே தனித் தொழில். அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே எஸ்-500 என்று ஒரு தர விதிமுறை இருக்கிறது. அதன் முதல் பதிப்பு 1994-இல் வந்தது.

நம் கடலூர் மாவட்டத்தில் கம்பளம் விரித்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெள்ளமும் புயலும் எட்டிப் பார்க்காத வருஷங்களை எண்ணவும் அதே விரல்கள் போதும்! நம் வீடுகளில் நனைவது இலவம் பஞ்சு மெத்தை, தலையணை, ஜமக்காளம், கோரைப்பாய். பொருள் வேறு, பாடம் ஒன்றுதான்.

என் அப்பா மெத்தை தைப்பவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். தெர்மல் வகுப்பில் 'ஒப்பு ஈரப்பதம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், அட, இது அப்பா மழைக்காலம் முழுக்கப் புலம்புகிற விஷயமாச்சே என்று பட்டது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி சிலபஸ், பாதி அப்பா.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு மெத்தையில் 10 லிட்டர் தண்ணீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 30 டிகிரியில் ஆவியாக்க லிட்டருக்குச் சுமார் 2,430 கிலோ ஜூல் வேண்டும். இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்று படித்தோம். மொத்தம் 24,300 கிலோ ஜூல்; கரண்ட் கணக்கில் ஏறக்குறைய 7 யூனிட். அதே ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்காமல், தண்ணீராகவே ஒரு மீட்டர் உயரம் தூக்கிக் கொட்ட எவ்வளவு வேண்டும்? வெறும் 10 ஜூல்! கிலோ ஜூல் இல்லை, ஜூல். பிழிவதற்கும் உறிஞ்சுவதற்கும் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். ஆனாலும் ஆவியாக்கும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. வெளிநாட்டு ஆட்கள் காற்றாடியைப் போடுவதற்கு முன்னால் உறிஞ்சும் மிஷினை எடுப்பது இதனால்தான். அப்பா இதையே வேறு மாதிரி சொல்வார்: "மொதல்ல தண்ணிய வழிய விடு. தானா வழியற தண்ணிக்கு வெயில செலவு பண்ணாத."

எப்படி வழிய விடுவது? மெத்தையைப் படுக்கப் போடக் கூடாது. நீளவாக்கில் ஒருக்களித்து நிறுத்தி, அடியில் இரண்டு செங்கல் கொடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் கீழே குளம் கட்டும். பிறகு தலைகீழாக மாற்றி நிறுத்த வேண்டும். ஜமக்காளத்தை முறுக்கிப் பிழிந்தால் நூல் இழுபடும். சுருட்டி, மேலே ஏறி மிதிப்பது நல்லது. தலையணை உறை, போர்வைக்கெல்லாம் வாஷிங் மெஷினின் ஸ்பின் போதும். நிமிஷத்துக்கு 1,300 சுற்று, தொட்டியின் ஆரம் 12 செ.மீ. என்று வைத்து மையவிலக்கு விசையைப் போட்டுப் பாருங்கள். புவியீர்ப்பைப் போல 200 மடங்குக்கு மேல் வரும். கையால் எந்தப் பயில்வானும் அப்படிப் பிழிய முடியாது.

மிச்ச ஈரத்தைக் காற்றிடம்தான் கொடுத்தாக வேண்டும். இங்கேதான் நம் ஊர் சீசன் விளையாடுகிறது. 2022 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து, சிதம்பரம் பக்கம் பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, ஜெயங்கொண்டபட்டினம் எல்லாம் தண்ணீரில் மாட்டின. அம்மாவின் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் உண்டு. தண்ணீர் வடிந்ததும் அப்பாவோடு நானும் போனேன். மெத்தை, பாய், தலையணை எல்லாவற்றையும் கரை மேல் போட்டோம். இரண்டு மூன்று நாளில் சலசலவென்று காய்ந்துவிட்டது. வானத்தில் மேகம் இல்லை. தண்ணீர் வந்தது மேற்கே பெய்த மழையில்.

2024-இல் நடந்தது வேறு. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை பெருகிக் கடலூரில் நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் வீட்டுக்குள் புகுந்தது. அப்போது கொடியில் போட்ட ஒரு துண்டுகூட ஒழுங்காகக் காயவில்லை.

ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆகஸ்ட் மதியம் 35 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 40 கிராம் நீராவியைச் சுமக்கும். பாதி ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் 20 கிராமுக்கு இடம் உண்டு. டிசம்பர் மழை நாளில் 26 டிகிரி, 90 சதவீதம் என்றால்? மொத்தக் கொள்ளளவே 24 கிராம் சொச்சம். காலியிடம் இரண்டரை கிராம்கூட இல்லை. நம் 10 லிட்டரை வெளியேற்ற ஆகஸ்டில் 500 கன மீட்டர் காற்று வேண்டும். டிசம்பரில் 4,000-க்கும் மேல். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால் அதில் இருக்கும் காற்று 28 கன மீட்டர்தான். ஆகஸ்டில் அந்த அறைக் காற்றை 18 முறை மாற்றினால் முடியும் வேலைக்கு, டிசம்பரில் ஏறக்குறைய 150 முறை மாற்ற வேண்டும். இதுவும் காகிதக் கணக்குதான். ஆவியாகும்போது காற்றே குளிர்ந்துபோவதால் நிஜத்தில் அது இன்னும் குறைவாகத்தான் சுமக்கும். வெயில்தான் அந்தக் குளிர்ச்சியை ஈடுகட்டுகிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் கொடுக்கிறது, பில் இல்லாமல்!

ஆகவே ஜன்னலைச் சாத்திவிட்டு, மெத்தையைக் கட்டிலில் படுக்கப் போட்டு, மேலே சீலிங் ஃபேனைச் சுற்ற விட்டால் அந்த 28 கன மீட்டரே சுற்றிச் சுற்றி வரும். முக்கால்வாசி வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள். ஈரமான பரப்பின் மேல் நீராவி நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த எல்லைப் படலத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்துப் பரப்பை உரசிக்கொண்டு காற்று போகும்படி செய்தால் அந்தப் படலம் கலையும். இன்னொரு ஃபேன் இருந்தால் ஜன்னல் பக்கம் வெளியே பார்த்து வைக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதைவிட நல்ல ஸ்டாண்டு கிடையாது; அடியிலும் காற்று போகும். ஜமக்காளத்தை ஒரே கொடியில் இரண்டாக மடித்துப் போடாமல், ஒரு முழ இடைவெளியில் இரண்டு கொடி கட்டிப் போட்டால் இரண்டு மடிப்புக்கும் நடுவே காற்று புகும். கோரைப்பாயை மட்டும் அப்பா உச்சி வெயிலில் போட விடமாட்டார்; நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுவார்.

வெளியே விடாத மழை என்றால் எதிர் வழி. கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, காற்றில் இருக்கும் ஈரத்தை அறைக்குள்ளேயே பிரித்தெடுக்க வேண்டும். டீஹ்யூமிடிஃபையர் செய்வது அதுதான். ரெஃப்ரிஜரேஷன் பாடத்தில் வரும் அதே சுற்று: குளிர்ந்த காயிலில் நீராவி தண்ணீராகச் சொட்டுகிறது, பிறகு அந்தக் காற்றே சூடான காயில் வழியாகப் போய் உலர்ந்த காற்றாக அறைக்குத் திரும்புகிறது. ஏசி இருக்கும் வீட்டில் 'டிரை' பட்டன் ஓரளவு இந்த வேலையைச் செய்யும். ஏசி இல்லாத வீட்டுக்காரர்கள் கரி அடுப்பை உள்ளே வைத்து மூடிவிட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெள்ளம் ஏறிய சுவிட்ச் போர்டை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஃபேன் போடுவதும் அதே ரகம்.

இலவம் பஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று அடைத்த குழாய். மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரில் மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆகவே ஒழுகிய மழைத்தண்ணீரில் நனைந்த இலவம் மெத்தையைத் தையல் பிரித்து, பஞ்சைப் பாயில் கொட்டி, வெயிலில் மூங்கில் குச்சியால் தட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். சாதாரணப் பருத்திப் பஞ்சு அப்படியில்லை. உறிஞ்சி வைத்துக்கொண்டு கட்டி கட்டும்.

கடல் தண்ணீர் பட்டால் முறையே வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது நான் பிறக்கவில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த மெத்தைகள் எத்தனை நாள் காய்ந்தும் தொட்டால் பிசுபிசுவென்றே இருந்தன என்று அப்பா சொல்வார். காரணம் உப்பு. சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்னாலேயே இழுக்கும். கடலோரத்தில் இரவில் ஈரப்பதம் அதைத் தாண்டாத நாள் அபூர்வம். எனவே காயவைப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை நனைத்து உப்பை வெளியேற்ற வேண்டும். ஏற்கெனவே நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இனி கஷ்டமான பகுதி. எஸ்-500 தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறது: சுத்தமான குழாய்த் தண்ணீர், குளித்துத் துவைத்த அழுக்குத் தண்ணீர், சாக்கடையும் ஆற்று வெள்ளமும். மூன்றாவது வகை புகுந்தால் கம்பளத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை போன்ற விரிப்பைக் காயவைக்க நினைக்காதே, தூக்கிப் போடு என்பதுதான் அங்கே முறை. அங்கே தூக்கிப் போடலாம். இங்கே?

ஃபெஞ்சல் வெள்ளம் வடிந்த சில நாளில் நாணமேட்டிலிருந்து ஒரு அக்கா லோடு ஆட்டோவில் இரட்டை மெத்தையோடு வந்தார். "அண்ணே, இது எங்கம்மா வீட்டுச் சீரு. எப்படியாச்சும் காய வச்சுக் குடுங்க" என்றார். அப்பா ஒரு மூலையைக் கத்தரித்துக் கையை உள்ளே விட்டார். பஞ்சு கறுத்துக் கட்டியாக வந்தது. நாற்றம் கடை முழுக்க அடித்தது. ஈரம் ஒன்றிரண்டு நாள் தங்கினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். இது அதற்கு மேல் ஊறிய சரக்கு. "இந்தப் பஞ்சு வேணாம் தாயி. இதுல புள்ளைங்கள படுக்க வைக்காத" என்றார் அப்பா. அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. அரசு அப்போது ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருந்தது. அதில் மெத்தை வாங்கினால் அரிசி எங்கே வாங்குவது? கொஞ்ச நேரம் கழித்து, "துணியாவது மிஞ்சுமாண்ணே?" என்றார்.

துணி மிஞ்சியது. பஞ்சு முழுவதையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தோம். உறையைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து அலசினோம். (பிளீச்சிங்கோடு பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.) வரிகளின் நிறம் பாதி போய்விட்டது. அந்தத் துணியில் புதுப் பஞ்சு போட்டு, இரட்டை மெத்தையை ஒற்றை மெத்தையாகத் தைத்துக் கொடுத்தார் அப்பா. பணத்தை மூன்று தவணையில் வாங்கிக்கொண்டார். அந்த வாரம் வேறொருவர் இதே மாதிரி மெத்தையைக் கொண்டுவந்து, பஞ்சை மாற்றாமல் மேலே புதுத்துணி மட்டும் போட்டுத் தரச் சொன்னார். இரட்டைக் கூலி தருகிறேன் என்றும் பேசினார். அப்பா முடியாது என்றுவிட்டார். கூலி போனதில் அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் மூச்சிரைப்பு இருக்கிற எங்கள் ஆயா, "அவன் செஞ்சதுதான் சரி" என்றார்.

காய்ந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மேலே தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். உலர்தலில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் பரப்பிலுள்ள ஈரம் ஒரே வேகத்தில் போகும். அதன் பின் உள்ளிருந்து ஈரம் வெளியே வர வர வேகம் குறைந்துகொண்டே போகும். தொட்டால் உலர்ந்தது போலத் தெரிவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். அப்போது நடுவில் இன்னும் ஈரம் இருக்கும். ஈரமானி வாங்க நம்மிடம் காசில்லை. கடையில் பஞ்சு நிறுக்கும் தொங்கு தராசு இருக்கிறது. போன மழைக்கு அதில் ஒரு தலையணையைத் தினமும் ஒரே நேரத்தில் மாட்டி நிறுத்து, எடையைச் சுவரில் கரியால் எழுதிவந்தேன். அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது என்று கணக்கு. மூன்றாம் நாளே அது கைக்கு உலர்ந்துதான் இருந்தது. தராசு ஒத்துக்கொண்டது ஆறாம் நாள்.