பறப்பது ஒன்றேகால் மணி. பயணம் ஐந்தே முக்கால் மணி

சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானம் அரை மணியில் போய்விடும் என்று நாம் கணக்குப் போடுவோம். அப்படி அமைவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லும் நேரமும் அட்டவணையில் சேரும். எனவே சுமார் ஒன்றேகால் மணி ஆகிறது.

விருதுநகருக்குப் பருப்பு, மிளகாய் வற்றல் கொள்முதலுக்குச் செல்லும் திருவொற்றியூர் வியாபாரி மற்ற நேரங்களையும் கூட்ட வேண்டும். 2021 முதல் விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு நேரடி மெட்ரோ உண்டு. அதற்கு ஏறக்குறைய 1 மணி. புறப்பாட்டுக்கு முன் 2 மணி. மதுரையில் இறங்கி வெளியே வர அரை மணி. விருதுநகருக்குச் சாலை வழி 1 மணி. ஆக, ஐந்தே முக்கால் மணி.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் நேரம் இதைவிடக் கூடுதல்தான். ஆனால் அது கடை அடைத்து நாம் தூங்கும் நேரம். காலையில் மண்டியில் நிற்கலாம். பகல் விமானத்தில் போனால் பாதி நாள் வியாபாரம் போகும்.

ஆகவே, முன்கூட்டித் தெரிந்த கொள்முதலுக்கு இரவு ரயில். திடீர் அவசரத்துக்கு விமானம். டிக்கெட் விலையோடு, இழக்கும் கடை நேரத்தையும் செலவில் எழுதுவோம்.