கையில் அரை நாள்

மெயின்லேண்டிலிருந்து உறவினர்கள் வரும் காலங்களில் நம் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கெல்லாம் போய்வந்து, மறுநாள் கப்பலோ விமானமோ ஏறுவதற்கு முன் அவர்கள் கையில் அரை நாள் மிஞ்சியிருக்கும். "இங்கே ஊரில் இருப்பது போல் தீம் பார்க் ஏதாவது உண்டா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாமும் மழுப்பலாகச் சிரித்துவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டு, கண்ணில் பட்ட இடங்களுக்கெல்லாம் ஓட்டிக்கொண்டு போவோம். அந்த அரை நாளை உருப்படியாகக் கழிப்பது எப்படி என்பதைப் பற்றிச் சில செய்திகளை நம் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதை நான் படித்துக் கற்கவில்லை. தவறு செய்து கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில் என் தந்தையார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 72. ஊர் திரும்புவதற்கு முதல் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணிக்குக் கிளம்பினோம். சாத்தம் மர அறுவை ஆலை, சமுத்திரிகா அருங்காட்சியகம், செல்லுலார் சிறை, ராஸ் தீவு, கார்பின்ஸ் கோவ் கடற்கரை என்று ஐந்து இடங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் இரண்டு இடங்களிலேயே மூன்று மணி நேரம் போய்விட்டது. சிறைக்குள் நுழைந்தபோது மூடும் நேரத்துக்கு இருபது நிமிடமே இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு சுற்று சுற்றிவந்தேன். ஓர் அறையின் முன் அவர் நின்றார். "நேரமில்லை அப்பா" என்றேன். ராஸ் தீவுக்குப் படகு முடிந்துவிட்டது. கடற்கரைக்குப் போனபோது இருட்டிவிட்டது.

இரவு சாப்பிடும்போது அவர் சொன்னார்: "ஏய்யா, எல்லா எடத்துக்கும் கூட்டிட்டுப் போயிட்ட. ஒரு எடமும் பாக்கல."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1908-இல் வ.உ.சிதம்பரனாருக்கு நாடு கடத்தும் ஆயுள் தண்டனை விதித்த கதையைத் தாத்தா அவருக்குச் சிறுவயதில் சொல்லியிருக்கிறார். வ.உ.சி. அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை, கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்து 1912-இல் விடுதலையானார். ஆனால், 'அவரை அனுப்ப நினைத்த இடம் எப்படி இருக்கும்?' என்ற எண்ணம் அப்பாவின் மனத்தில் அறுபது ஆண்டுகளாக இருந்திருக்கிறது. ஓர் அறைக்குள் சற்று நேரம் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதை நான் கேட்கவே இல்லை. அவர் மறுபடி இங்கே வரவும் இல்லை.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னதுதான், ஆனாலும் அரை நாள் சுற்றுலாவுக்கும் அந்த மூன்று தலைப்புகள் போதும் என்பது என் அனுபவம். வசதிக்காக வரிசையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

1. காலமறிதல்

நம் தீவில் அரை நாள் என்பது ஊரில் உள்ள அரை நாள் அன்று. இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நம் ஊரோ ஏறத்தாழ 92¾ பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கினால், கடிகாரத்தைவிடச் சூரியன் இங்கே சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 50 நிமிடம். டிசம்பரில் மாலை 5 மணி அளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஜூன் மாதத்திலோ காலை 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும்.

ஆக, மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் டிசம்பரில் நம் கையில் இருப்பது நான்கு மணி நேர வெளிச்சமே. அதே ஆள் காலை ஐந்தரைக்கு எழுந்து கிளம்பினால், மதியம் பன்னிரண்டரைக்குள் ஏழு மணி நேரம் கிடைக்கும். இரண்டுக்கும் பெயர் அரை நாள்தான்! ஊரிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்க் கணக்கில் ஏழு மணி வரை தூங்குவார்கள். அவர்களை எழுப்ப வேண்டியது நம் பொறுப்பு.

அடுத்தது, கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். விமான நிலையத்தில் அல்லது ஹாடோ துறைமுகத்தில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும்? அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்து வையுங்கள். அது எதிர்பாராத மழைக்கும் ஆட்டோ கிடைக்காததற்கும். மீதி இருப்பதே உங்கள் அரை நாள்.

மூன்றாவது, முதலில் மூடும் இடத்துக்கு முதலில் போங்கள். சிறைக்கும் அருங்காட்சியகத்துக்கும் மூடும் நேரம் உண்டு. வார விடுமுறை, அரசு விடுமுறை, மதிய இடைவேளை என்பவையும் இடத்துக்கு இடம் மாறும். முதல் நாளே விசாரித்துவிடுங்கள். கடற்கரைச் சாலைக்குக் கதவு கிடையாது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. இடனறிதல்

நம் ஊரின் படத்தை மனத்தில் விரித்துப் பாருங்கள். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டாலும், நம் வாய்க்கு இன்னும் போர்ட் பிளேயர்தான். ஒரு பக்கம் அபர்டீன், அட்லாண்டா முனை: செல்லுலார் சிறை, அதன் கீழே மெரினா பூங்கா, ராஜீவ் காந்தி நீர் விளையாட்டு வளாகம், அங்கிருந்து படகில் கால் மணி நேரத்துக்குள் ராஸ் தீவு. மற்றொரு பக்கம் ஹாடோ, சாத்தம்: 1883-இல் தொடங்கிய மர ஆலையும் சமுத்திரிகா அருங்காட்சியகமும். கார்பின்ஸ் கோவ் தனியாகத் தெற்கே இருக்கிறது. அரை நாளில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் செய்தது போல் மூன்று பக்கமும் ஓடினால் பார்ப்பது சாலையை மட்டுமே.

என்னைக் கேட்டால், முதல் முறை வருபவருக்கு அபர்டீன் பக்கமே சிறந்தது. அமெரிக்காவில் 1955-இல் திறந்த டிஸ்னிலாண்டில், நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து நாலா பக்கமும் பிரியும் பாதைகள் என்று அமைத்தார்கள். வந்தவர் வழி தவறாமல் நடுவுக்குத் திரும்பலாம். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1896 முதல் 1906 வரை, இங்கே ஒரு நடுக் கோபுரமும் அதிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள் போல் ஏழு கட்டடங்களும் எழுந்தன. அமைப்பு ஒன்றே போல். நோக்கமோ நேர் எதிர். அங்கே மனிதர் மகிழ்ந்து திரிய. இங்கே ஒரே காவலாளி எல்லாத் தாழ்வாரங்களையும் கண்காணிக்க.

சிறையில் எதைப் பார்ப்பது? பிள்ளைகளிடம் வரலாற்றுப் பாடம் ஒப்பிக்க வேண்டாம். நான்கு பொருள்களை மட்டும் தேடச் சொல்லுங்கள்.

முதலாவது, ஓர் அறை. ஏறத்தாழ 4½ மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். மூன்று மீட்டர் உயரத்தில் சிறிய காற்றுத்துளை. இப்படி 693 அறைகள் இருந்தன. ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கும். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வழியில்லை.

இரண்டாவது, தாழ்ப்பாள். அது கம்பிக் கதவோடு இல்லாமல், உள்ளேயிருந்து கை எட்டாத தூரத்தில் சுவருக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பிள்ளையை உள்ளே நிறுத்திக் கையை நீட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கப் பாடம் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

மூன்றாவது, செக்கு. மாடு இழுக்க வேண்டியதை மனிதன் இழுத்து, ஒரு நாளைக்கு 30 ராத்தல், அதாவது சுமார் பதின்மூன்றரைக் கிலோ தேங்காய் எண்ணெய் எடுக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை நாள் வருகிறது என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லலாம்.

நான்காவது, மொட்டைமாடியிலிருந்து தெரியும் காட்சி. எதிரே ராஸ் தீவு. கடலுக்கு அப்பால் நார்த் பே கலங்கரை விளக்கம். பழைய சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். அதன் பின்புறத்தில் இருப்பது அந்தக் கலங்கரை விளக்கம்தான்.

ஏழு கட்டடங்களில் இன்று இருப்பவை மூன்றே. மற்றவை இருந்த நிலத்தில்தான் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை நிற்கிறது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கச்சாலிலிருந்தும் கேம்பல் பேயிலிருந்தும் திக்லிப்பூரிலிருந்தும் வைத்தியத்துக்காக வரும் நம் தமிழ்க் குடும்பங்கள், மருத்துவமனை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் 1979-இல் தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்ட சிறை இருக்கிறது. அங்கே ஒருமுறைகூடக் கால் வைக்காத பிள்ளைகள் பலர். அவர்களுக்கும் அது ஓர் அரை நாள்தான்.

நேரம் மிஞ்சினால் ராஸ் தீவு. 2018 டிசம்பர் 30 முதல் இதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. நேதாஜி போர்ட் பிளேயரில் மூவர்ணக் கொடி ஏற்றிய 1943 டிசம்பர் 30-இன் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவில் வைத்த பெயர். 1858-இல் கைதிகள் குடியிருப்பு தொடங்கியதிலிருந்து 1941 ஜூன் 26-இல் நேர்ந்த நிலநடுக்கம் வரை ஆங்கிலேயர் ஆட்சியின் தலைமையிடம் இதுவே. மாதாகோயிலையும் ரொட்டிக் கிடங்கையும் இன்று ஆலமர வேர்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. மான்கள் நடுவே மேய்கின்றன. இதற்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். ஆனால் ஒரு விதி: விமானம் ஏறுவதற்கு முன் கடைசி நிகழ்ச்சியாகக் கடலைக் கடக்கும் பயணத்தை வைக்காதீர்கள். காற்று எழுந்தால் படகு நம் கடிகாரத்தைப் பார்க்காது.

3. வலியறிதல்

குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகமே. எழுபது வயதுக்காரரை மூன்று மாடி ஏற்ற வேண்டாம். அவர் முற்றத்து நிழலில் உட்காரட்டும், தரைத்தளத்தில் ஓர் அறையைப் பார்க்கட்டும். இளையவர்கள் மேலே போய்வந்து அவருக்குச் சொல்லட்டும். தண்ணீர், குடை, ஒரு தூக்கில் எலுமிச்சைச் சாதமோ தயிர்ச்சாதமோ எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சாப்பிடும் நேரத்தில் நாம் பார்க்க வேண்டும். கூட்டம் பார்க்கும் நேரத்தில் நாம் சாப்பிட வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போய்க் கேளிக்கைப் பூங்காவுக்கு அரை நாள் செல்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே நுழைந்ததும் வாசலருகே உள்ள ராட்டினத்தில் வரிசை நிற்காமல் கடைக்கோடிக்குப் போய்த் திரும்பி வாருங்கள். தண்ணீர் விளையாட்டைக் கடைசிக்கு வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு இது ஒன்றையாவது பார்க்காமல் போனால் மனம் ஆறாது என்றால், அது எது?" பெரியவர்கள் முதலில் "எதுவானாலும் சரி" என்பார்கள். இன்னொரு முறை கேட்க வேண்டும். என் தந்தையாரிடம் நான் கேட்காத கேள்வி இதுதான்.

பிறகொரு முறை என் அக்காள் தன் பேத்தியோடு வந்திருந்தார். மாலை விமானம்; காலை மட்டும் கையில் இருந்தது. முதல் நாள் இரவே கேட்டேன். பேத்தி "மான்" என்றாள். அக்காள் "எதுனாலும் சரிதான் தம்பி" என்றார். மறுபடி கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா நிக்கணும்னு சொன்னாகளே, அந்த ரூம்பு" என்றார்.

மறுநாள் எங்கள் கணக்கு இப்படி அமைந்தது:

காலை 5.30: மெரினா கடற்கரைச் சாலையில் சூரியோதயம், நடை.
7.00: வீடு திரும்பிக் குளியல், இட்லி, பெட்டி கட்டுதல்.
8.30: சிறை வாசலில் சீட்டு வரிசை.
9.00 முதல் 10.15 வரை: சிறை.
10.30: படகுத்துறை, ராஸ் தீவில் மான்.
மதியம் 1.00: வீட்டில் சாப்பாடு. விமான நிலையத்துக்கு இன்னும் தாராளமாக நேரம்.

இரண்டே இடங்கள்தான். தரைத்தளத்து அறை ஒன்றுக்குள் அக்காள் போய்ப் பத்து நிமிடம் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பேத்தி சுவருக்குச் சுவர் அடி வைத்து அளந்துவிட்டு, "ஆச்சி, ஜன்னல் ஏன் அவ்வளவு மேலே இருக்கு?" என்று கேட்டாள். அக்காள் அவளைத் தூக்கிக் காட்டினார், அப்போதும் எட்டவில்லை. "வெளியே பார்க்கக் கூடாதுன்னுதான்" என்றார். அன்று முழுவதும் அந்தப் பெண் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்பர்களே, விருந்தினர் நமக்குத் தரும் அரை நாள் மறுபடி வருமா என்பது நம் கையில் இல்லை. எனவே இடங்களின் பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். எழும் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுங்கள். கேட்க வேண்டியதை முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள்.