தலைக் கிறிஸ்துமஸுக்கு வரும் மகளுக்கு

மகளே,

டிசம்பர் பிறந்துவிட்டது. பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இந்நேரம் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறியிருக்கும். 1826-இல் எழுந்த அந்த ஆலயம் எத்தனையோ புது மருமகள்களைப் பார்த்துவிட்டது. இந்த வருஷம் நீ போய் உட்காரப் போகிறாய். எத்தனை படி மாவு இடிக்க வேண்டும், அதிகாலை ஆராதனைக்கு எந்தச் சேலை என்பதையெல்லாம் உன் மாமியார் சொல்லித் தருவார். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு குடும்பம் யார் யாருக்குக் கடன்பட்டு நிற்கிறது என்பது மற்ற மாதங்களில் கண்ணுக்குத் தெரியாது. இந்த மாதத்தில் தெரியும். பார்க்கப் பழகிக்கொள்.

1. அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பார். 24-ஆம் தேதி இரவு நம் வீடுகளில் எண்ணெய்ச் சட்டி இறங்காது. முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்தவளும், மறுநாள் கறிக்கு மசாலா அரைத்தவளும், பிள்ளைகளின் புதுச்சட்டையில் பொத்தான் தைத்தவளும் ஒரே ஆளாகத்தான் இருப்பாள். விடியுமுன் மணி அடித்ததும் எல்லோரையும் எழுப்பி ஆலயத்துக்கு அனுப்புவதும் அவளே. பிரசங்கத்தில் அவளுக்குத் தலை ஆடினால் ஊர் சிரிக்கும். என் மாமனார் கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர். 24 இரவு ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவார். “உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று யாராவது கேட்டால், “நாளைக்கு அன்பைப் பத்திப் பேசணும்லா? இன்னைக்கு இதைச் செய்யாட்டி நாளைக்கு வாய் வராது” என்பார். உன் வீட்டுக்காரருக்கு இதை வாசித்துக் காட்டு. நான் சொன்னதாகவே சொல்.

2. முதலில் எடுத்து வை, பிறகு உலை வை. பிடியரிசி என்றால் உங்கள் வயதில் பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் பெண்கள் சமைக்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். மிச்சத்தில் கொடுத்ததல்ல அது. வயிற்றுக்கு என்று அளந்ததிலிருந்து எடுத்தது. 1903-இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று கொள்கை வைத்தார்கள். வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல், நிஜாம் சீமையில் தோர்ணக்கல் வரை ஊழியர்களை அனுப்பினார்கள். அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் பெரிய தனக்காரர்கள் அல்லர். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் வாத்தியார்களும் நிறைந்த சபைகள். தங்களுக்கு ஒரு காலத்தில் யாரோ செய்ததை இன்னொரு ஊருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு இதுதான் நன்றியின் சரியான திசை என்று படுகிறது. வாங்கினவரிடமே எப்போதும் திருப்பிக் கொடுக்க முடியாது, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இன்று நீ மூட்டை அரிசி வாங்குகிறாய், கலயம் வைக்க இடமில்லை. போகட்டும். சம்பளம் வந்த அன்றே, வாடகைக்கும் தவணைக்கும் முன்னால், ஓர் உறையில் எடுத்து வை. தொகை சிறிதாக இருக்கட்டும், வரிசை மாறக்கூடாது.

3. பலகாரத் தட்டை நீயே கொண்டு போ. தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து அதிரசம் வந்திருக்கும், பெருநாளைக்கு மேலப்பாளையத்து நண்பர் வீட்டு பிரியாணி வந்திருக்கும். இப்போது நம் முறை. பிளாஸ்டிக் பையில் கட்டி சின்னப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாதே. வாசலில் நின்று, உள்ளே கூப்பிட்டால் போய் உட்கார்ந்து, ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வா. இன்னொன்றும் உண்டு. முழு முறுக்கு அக்கம்பக்கத்துக்கு, உடைந்தது தெரு பெருக்கும் அம்மாவுக்கு என்று பிரித்து வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உடைந்ததை நாம் தின்போம். கொடுப்பது எல்லோருக்கும் ஒரே டின்னிலிருந்து போகட்டும்.

4. வீட்டு வேலைக்கு வருகிறவருக்குப் புதுத்துணி எடுத்தால், உனக்கு எடுக்கும் அன்றே, அதே கடையில் எடு. யாரோ தந்து, பிடிக்காமல் பீரோவில் கிடக்கும் சேலையை எடுத்து நீட்டாதே. வாங்குகிறவர்களுக்கு அது தெரியும்.

5. கீத பவனி வரும்போது விளக்கை அணைக்காதே. நடுராத்திரியில் டோலக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவுமாக வாலிபப் பிள்ளைகள் வருவார்கள். காணிக்கைக்குப் பயந்து தூங்குவதுபோல் நடிக்கும் வீடுகள் எந்தத் தெருவிலும் இரண்டு இருக்கும். நீ எழுந்து கதவைத் திற, சுக்குக் காப்பி போட்டுக் கொடு. வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் நம் திருநெல்வேலியில்தான் பிறந்தார். அவருடைய கீர்த்தனைகளை இன்னும் யாராவது ஒரு பிள்ளை தாளம் தப்பாமல் பாடுகிறது என்றால், தூக்கம் கெட்டதைப் பெரிதாகச் சொல்லலாமா? (இப்போதைய ஒலிபெருக்கியைப் பற்றி எனக்கும் புகார் உண்டு. அதை ஜனவரியில் பேசிக்கொள்ளலாம்.)

6. துக்க வீட்டுக்கு முதலில் போ. இறப்பு நடந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். அவர்களுக்குச் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது உறவுக்காரர் வேலை. பலர் கூச்சத்தில் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள். என்ன பேசுவது என்று தெரியாது. ஒன்றும் பேச வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்காருவார், இறந்தவர் தனக்குச் செய்த ஒரு உதவியைச் சொல்வார், எழுந்து வந்துவிடுவார். “அண்ணாச்சி ஒருதடவை மழையில என் மூத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவ” என்பார், அவ்வளவுதான். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவரை அது தெரிந்திருக்காது. ஆறுதல் வசனங்களை எல்லோரும் சொல்வார்கள். இப்படி ஒன்றைச் சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது.

7. பெற்றவளிடம் கேட்டு எழுதி வை. 25-ஆம் தேதி மாமியார் வீடு என்றால், 31 இரவு ஆராதனைக்கும் புதுவருஷத்துக்கும் உன் அம்மா வீட்டுக்குப் போ. இதில் இரண்டு பக்கமும் வருத்தப்பட இடமில்லை. வருத்தப்பட்டாலும் நீ போ. நம் வீடுகளில் அம்மாவுக்கு நன்றி சொன்னால், “என்னட்டி புதுசா?” என்று அவளே வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவாள். அதனால் சொல்லாதே, கேள். அச்சு முறுக்குக்கு என்னென்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டால் சொல்லிவிடுவேன்: பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள்ளு. அச்சு எண்ணெயில் கிடந்து நன்றாகக் காய வேண்டும். மாவில் முக்கால் பங்குதான் முக்க வேண்டும். மேல்விளிம்பு மூழ்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. ஆனால் அளவு மட்டும் சொல்லமாட்டேன். அதை உன் அம்மாவிடம் கேட்டு, அவள் சொல்லும் வார்த்தையிலேயே, “தோசை மாவை விட ஒரு மட்டம் தண்ணியா” என்றால் அப்படியே, ஒரு நோட்டில் எழுது. நீ எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இன்னும் பத்து விஷயம் சொல்லுவாள். அவள் தன் மாமியாரிடம் பட்ட பாடும் அதில் வரும்.

8. பாகத் தகராறை நற்கருணைக்கு முன் தீர்க்கப் பார். தீராவிட்டால் பேச்சையாவது தொடங்கு. வரப்புக்காகவும் வீட்டுச் சுவருக்காகவும் ஒரே பெஞ்சின் இரு ஓரத்தில் உட்காரும் அண்ணன் தம்பிகளை நீ பார்ப்பாய். உன் புகுந்த வீட்டிலும் இருக்கலாம். புது மருமகளுக்கு ஒரு சலுகை உண்டு. பழைய சண்டையில் நீ யார் கட்சியும் இல்லை. “சித்தப்பா, வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்று நீ கூப்பிட்டால் யாரும் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தச் சலுகை ஒரு வருஷத்துக்குத்தான், அதற்குள் பயன்படுத்திக்கொள்.

9. கடன் வாங்கிப் பண்டிகை கொண்டாடாதே. இதற்கு விளக்கம் வேண்டாம்.

10. ஊருக்குத் திரும்புமுன், இந்த வருஷம் அசனம் எந்தத் தேதி என்று கேட்டு வைத்துக்கொள். ஸ்தோத்திரப் பண்டிகையோ பிரதிஷ்டைப் பண்டிகையோ, எது வந்தாலும் நம் சபைகளில் ஊர் கூடிச் சமைத்து ஊர் கூடிச் சாப்பிடும் நாள் அது. ஆளுக்குக் கொஞ்சம் அரிசி, காய், பணம் என்று கொடுத்திருப்பார்கள். கொடுக்க முடியாதவர்கள் விறகு பிளப்பார்கள், தண்ணீர் எடுப்பார்கள். டாக்டரும் மேஸ்திரியும் பக்கத்து இலையில் உட்காருவார்கள், வேற்று மதத்துக்காரரும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, ரயிலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. சேலையைச் செருகிக்கொண்டு ஒரு வாளியைத் தூக்கு. உன் வீட்டுக்காரரிடம் இன்னொன்றைக் கொடு. கடைசிப் பந்தி எழுந்திருக்கும் வரை இரண்டு பேரும் பரிமாறிவிட்டு, சமைத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.